நதி போன திசையில் பறவைகள்

பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கட்ச் பாலையில் சிந்து நதியின் கிளை ஒன்று ஓடி, பிறகு நின்றுபோனது. அந்தத் தடத்தில் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாக அலைந்த ஒரு பெங்களூர் குழு, பறவைகளோடு தண்ணீரின் கதையையும் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

லக்பத் கோட்டையின் மதிற்சுவர் ஏழு கிலோமீட்டர் நீளம். விடியற்காலையில் அதன்மேல் ஏறி நின்றால், வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புச் சேறும் வெளிறிய நீர்ப்பரப்பும்தான். இது ஒரு காலத்தில் துறைமுகம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் கோரி (கட்ச் சமஸ்தானத்தின் நாணயம்) வருமானம் வந்ததால்தான் லக்பத் என்று பெயர் வந்தது என்பார்கள். இன்று சுவருக்குள்ளே இடிந்த வீடுகள், ஒரு மசூதி, சில தர்காக்கள், குரு நானக் தங்கியதாகச் சொல்லப்படும் குருத்வாரா, சில நூறு பேர். அவ்வளவுதான். சுவரின் மேல் வரிசையாக நின்ற பதினோரு பேரும் டெலஸ்கோப்பை நாட்டி, அந்தச் சேற்றில் நகரும் புள்ளிகளை எண்ணத் தொடங்கினார்கள்.

எண்ணியவர்கள் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவைச் சுற்றி வசிப்பவர்கள்; அல்லது அங்கே நடக்க வருபவர்கள். பழைய கன்டோன்மென்ட்டின் ஒரு பகுதி அது. தோட்டம் வைத்த பங்களாக்கள் ஒவ்வொன்றாக அடுக்கு மாடிகளாகிக்கொண்டிருந்தாலும், தெருவோர மழைமரங்கள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. தமிழ், கன்னடம், ஆங்கிலம், தக்கிணி உருது நான்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் இடம். நடைப்பயிற்சியின்போது குக்குறுவானையும் கருடனையும் அண்ணாந்து பார்த்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு சேர்ந்ததுதான் இந்தக் குழு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, டாக்டர் தம்பதி, ஒரு பள்ளி ஆசிரியை, கம்ப்யூட்டர் நிறுவன ஊழியர்கள், விலங்கியல் படிக்கும் மாணவி ஒருத்தி. பெயர்ப்பலகையோ சந்தாவோ கிடையாது.

பெங்களூருக்கு இது புதிதல்ல. லால்பாகில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பறவை பார்க்கக் கூடும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. 1950களின் கடைசியில் பம்பாயில் பறவை ஆர்வலர்களுக்கென ஒரு செய்தி மடலைத் தொடங்கிய ஜாஃபர் ஃபதேஹல்லி பிற்காலத்தில் குடியேறியதும் இந்த நகரத்தில்தான். அந்த மடலும் பின்னாளில் இங்கிருந்தே வெளிவந்தது. ஏரிகளை இழந்துகொண்டே வந்த ஒரு நகரம், ஏரிப் பறவைகளை எண்ணுபவர்களை மட்டும் வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஆனால் கட்ச் வேறு உலகம். வாரம் ஒருமுறை பெங்களூரிலிருந்து காந்திதாமுக்குப் போகும் ரயிலில் ஏறி, அங்கிருந்து புஜ் போய், மேலும் 135 கிலோமீட்டருக்கு மேல் ஜீப்பில் போனால் லக்பத். ஏன் இத்தனை தூரம்? “ஆற்றங்கரையில் பறவை பார்ப்பது சுலபம். ஆறே இல்லாத ஆற்றங்கரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?” என்கிறார் வங்கி அதிகாரி.

ஆறு நின்ற கதை

சிந்துவின் கிழக்குக் கிளை ஒன்று 18-ம் நூற்றாண்டு வரை இந்த வழியாகக் கடலுக்குப் போனது. வடக்கே அதற்குப் பூரண் என்றும், கடலோரத்தில் கோரி என்றும் பெயர். அதன் நன்னீரில் லக்பத் வட்டாரத்தில் நெல் விளைந்தது. பாலைவனத்தின் ஓரத்தில் நெல்!

1762-ல் சிந்து ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா கட்ச் மீது படையெடுத்தார். ஜாரா என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. கட்ச் பணியவில்லை. வாளால் முடியாததை அவர் மண்ணால் செய்தார். ஆற்றின் குறுக்கே மேலே மோரா என்ற இடத்தில் அணை போட்டார். கீழே தண்ணீர் குறைந்தது. காவிரி விவகாரத்தைப் பார்த்து வளர்ந்த பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேட்டில் இருப்பவன் கையில் மடை என்பது எல்லா நதிகளுக்கும் பொது.

மனிதன் தொடங்கியதை இயற்கை முடித்துவைத்தது. 1819 ஜூன் 16 அன்று பெரும் பூகம்பம். ரண் பகுதியில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் மேடாக எழுந்து ஆற்றின் பாதையை மறித்தது. மனிதர் கட்டிய அணைகளிலிருந்து வேறுபடுத்த, உள்ளூர் மக்கள் இதற்கு ‘அல்லா பந்த்’, கடவுள் கட்டிய அணை, என்று பெயர் வைத்தார்கள். அதன் தெற்கே நிலம் தாழ்ந்து கடல்நீர் புகுந்தது. ஆற்றங்கரையில் கட்ச் அரசின் சுங்கச் சாவடியாக இருந்த சிந்திரி கோட்டை தண்ணீரில் மூழ்கியது. 1826-ல் சிந்துவில் பெருவெள்ளம் வந்து மேட்டை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆனால் ஆறு நிலையாகத் திரும்பவில்லை. ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் சில ஆண்டுகளில் படகில் போய்ப் பார்த்து எழுதிய குறிப்புகள், நிலவியலின் முன்னோடி சார்லஸ் லயல் எழுதிய நூலில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்றன. நிலம் ஒரே நாளில் எழவும் தாழவும் முடியும் என்பதற்குச் சான்று கட்ச்.

நன்னீர் நின்றது. நெல் போயிற்று. நெல்லோடு வணிகம் போயிற்று. வணிகத்தோடு லக்பத்தும் போயிற்று.

பிறகு ஆறு இருந்த இடத்துக்கு எல்லை வந்தது. 1965 ஏப்ரலில் இந்த ரண்ணில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. 1968-ல் சர்வதேச நடுவர் மன்றம் சுமார் 90 சதவீதத்தை இந்தியாவுக்கும் மீதியைப் பாகிஸ்தானுக்கும் பிரித்துக் கொடுத்தது. கோரிக்கு மேற்கே உள்ள சர் கிரீக் ஓடையில் கோடு எங்கே போகிறது என்ற தகராறு இன்னும் தீரவில்லை. 1960-ல் கையெழுத்தான சிந்து நதி ஒப்பந்தத்தை, 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா நிறுத்திவைத்தது. 1762-ல் தொடங்கிய வழக்கு வேறு வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது. கோட்டைச் சுவரில் டெலஸ்கோப்பை நாட்டியதுமே எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர் வந்து அடையாள அட்டை கேட்டதில் ஆச்சரியமில்லை. பறவைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு அவரும் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்தார்.

ஐந்து லட்சம் பூநாரைகள்

இந்த நிலத்தின் பறவைகளை முதன்முதலாக முறையாகக் கணக்கெடுத்தவர் சாலிம் அலி. கட்ச் மகாராவ் விஜயராஜியின் ஆதரவில் நடந்த அந்தக் கள ஆய்வு 1945-ல் நூலாக வந்தது. அதே ஆண்டு அவர் சேற்றையும் உப்புநீரையும் கடந்து, பெரிய ரண்ணின் நடுவே பூநாரைகள் கூடு கட்டும் இடத்துக்குப் போனார். பூநாரை நகரம் என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் அப்போது சுமார் ஐந்து லட்சம் பறவைகள் இருந்ததாக அவர் மதிப்பிட்டார்.

ஏன் இவ்வளவு ஒதுக்குப்புறமான இடம்? காரணம் தண்ணீர்தான். பூநாரை சேற்றைக் குழைத்துக் குட்டையான மேடாக எழுப்பி, அதன் உச்சிக் குழியில் முட்டையிடும். சுற்றிலும் ஆழமில்லாத நீர் இருந்தால்தான் நரியும் நாயும் வராது. நீர் அதிகமானால் கூடு மூழ்கும். சீக்கிரம் வற்றினால் குஞ்சு பறக்கும் முன் இரை தீரும். மழை சரியாக வாய்க்கும் ஆண்டுகளில் மட்டும் இனப்பெருக்கம் நடக்கும்; மற்ற ஆண்டுகளில் நகரம் காலி. இந்தியாவில் பூநாரைகள் பெருந்திரளாகக் கூடு கட்டுவது இந்த ரண் பகுதிகளில்தான். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் குளிர்காலத்தில் பார்த்து மகிழும் கூட்டத்துக்கும் இந்தச் சேற்றுக்கும் உள்ள உறவை நினைத்துப் பார்த்தால், எல்லையோர உப்பு வெளி அவ்வளவு தூரமாகத் தோன்றாது.

பூநாரை நகரத்துக்குச் சாதாரணப் பயணிகள் போக முடியாது. ரிச்சர்ட்ஸ் டவுன் குழுவும் போகவில்லை. கோரிக் கழியின் விளிம்பில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்த இளஞ்சிவப்பு வரிசையோடு அவர்கள் திருப்திப்பட வேண்டியிருந்தது.

குழு எப்படி எண்ணுகிறது?

அடுத்த முகாம் சாரி தண்ட். புஜ் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர். ‘தண்ட்’ என்றால் ஆழமில்லாத நீர்நிலை. ‘சாரி’ என்றால் உப்புப் படிந்தது. 2008-ல் குஜராத்தின் முதல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நல்ல மழை பெய்தால் கடல்போல விரியும். பொய்த்தால் வெடித்த களிமண் தரை.

மாலை ஐந்தரைக்கு மேல் இங்கே காட்சி தொடங்குகிறது. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த பெருங்கொக்குகள் பகலெல்லாம் வயல்களில் மேய்ந்துவிட்டு, நீண்ட கோடுகளாகத் திரும்பி வந்து ஆழமில்லாத தண்ணீரில் இறங்குகின்றன. இரவு முழுக்க நின்றபடியே உறக்கம். தண்ணீரில் காலடி ஓசை கேட்காமல் எந்த மிருகமும் நெருங்க முடியாது என்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. ஆயிரக்கணக்கான தொண்டைகளின் கூவல் ஒரே நேரத்தில் எழும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

இந்தக் கூட்டத்தை எப்படி எண்ணுவது? தனியாளால் முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு நூறு, ஆயிரம் என்று அந்த அளவால் கூட்டத்தை அளக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுகிறார்கள், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் திசையைக் கவனிக்கிறார். இரண்டு எண்ணும் வெகுவாக வேறுபட்டால் மறுபடி. பெரிய எண்ணைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதைக் கட்டுப்படுத்தத்தான் குழு.

சண்டையும் உண்டு. மணல் மேட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கழுகு அரை மணி நேரத்தைத் தின்றது. வங்கி அதிகாரி பெரும்புள்ளிக் கழுகு என்றார். மாணவி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே, “அங்கிள், வாயோரத்து மஞ்சள் கோட்டைப் பாருங்க, கண்ணோட பின்ஓரம் வரைக்கும் போகுது. ஸ்டெப்பி கழுகு” என்றாள். அவர் மறுபடி பார்த்தார். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு மாணவி சொன்னதை எழுதினார். வயதும் அனுபவமும் மரியாதைக்குரியவைதான். ஆனால் வாயோரத்துக் கோட்டுக்கு அவை தெரியாது.

உகாய் மரமும் சீமைக் கருவேலமும்

சாரி தண்டுக்கு அருகே புலாய் என்று ஒரு சிற்றூர். உலகின் பல நாடுகளிலிருந்து பறவை ஆர்வலர்கள் இங்கே வருவது ஒரே ஒரு பறவைக்காக: கிரே ஹைப்போகோலியஸ். சாம்பல் உடல், நீண்ட வால். ஆணுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. ஈராக், ஈரான் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் தெற்கே வருவது. கட்ச்சில் 1960 வாக்கில் ஒருமுறை பதிவான பிறகு, 1990-ல் இந்த வட்டாரத்தில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கப்படுகிறது. பறவை புதிதாக வந்ததா, அல்லது பார்க்கிற கண்கள் புதிதாக வந்தனவா? இரண்டாவதுதான் என்று நினைக்க இடமிருக்கிறது.

அது தேடி வருவது பீலு மரத்தின் சிறு பழங்களை. இந்த மரம் தமிழருக்கு அந்நியமல்ல. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வரும் உகாய்தான் இது. பிரிந்துபோன தலைவன் கடந்து செல்லும் வெயில் காட்டில் புலவர்கள் நட்டுவைத்த மரத்தை, குழுவின் ஆசிரியை இங்கே முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு, அந்தக் கிளைகளிலிருந்து முகமூடி அணிந்த ஒரு தலை வெளியே வந்தது. யாரும் பேசவில்லை. கேமராக்கள் மட்டும் பேசின.

ஆனால் உகாய் இன்று நெருக்கடியில் இருக்கிறது. எதிரியும் தமிழருக்குத் தெரிந்த முகம்: சீமைக் கருவேலம். உப்பு ரண் பரவுவதைத் தடுக்கவென்று 1961-லிருந்து வனத்துறை பன்னி புல்வெளியின் ஓரத்தில் இதை நட்டது. ஆசியாவின் மிகப் பெரிய புல்வெளிகளில் ஒன்றாகக் கருதப்படும், 2,500 சதுர கிலோமீட்டர் விரிந்த பன்னியை அது விழுங்கத் தொடங்கியது. உள்ளூர் மக்கள் வைத்த பெயர் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக்காரக் கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்கள் இதைவிடப் பொருத்தமான பெயர் வைத்திருக்க முடியாது.

அங்கே போலவே இங்கேயும் விஷயம் சிக்கலானது. கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த மரமே சோறு. புல்லை நம்பி எருமை வளர்க்கும் மால்தாரிகளுக்கு அதுவே பகை. 2010-ல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்ட பன்னி எருமை, இரவில் மேய்ந்து காலையில் தானாக வீடு திரும்புவது. அதற்குப் புல்வெளி வேண்டும். பூனைப் பருந்துக்கும் வானம்பாடிக்கும் வேண்டியதும் அதே புல்வெளிதான். பன்னியின் ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2021 மே மாதத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மேய்ச்சல் மக்களின் சமூக வன உரிமையையும் ஏற்றுக்கொண்டது. இதோடு, தெற்கே குன்றுகளிலிருந்து பன்னிக்கு இறங்கும் சிற்றாறுகள் பலவற்றில் அணைகள் வந்துவிட்டன. சாரி தண்டுக்கு வந்து சேர வேண்டிய தண்ணீர் வழியிலேயே நிற்கிறது. 1762-ன் பாடம் சிறிய அளவில் மறுபடி மறுபடி நடக்கிறது. இந்த முறை அணை கட்டியது எதிரி அல்ல.

எண்ணினால் மட்டும் போதுமா?

பயணத்தின் மிகச் சோகமான நாள் நளியாவில். அங்கே 1992-ல் அமைந்த கானமயில் சரணாலயத்தின் பரப்பு வெறும் 2 சதுர கிலோமீட்டர் சொச்சம். உலகத்திலேயே 150 அளவில்தான் கானமயில்கள் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை ஜெய்சல்மர் பக்கம். கட்ச்சில் அண்மை ஆண்டுகளில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெண் பறவைகளே. இந்தக் கனத்த பறவைக்கு நேர் எதிரே பார்க்கும் திறன் குறைவு. மின்கம்பியைக் கண்டு திரும்புவதற்குள் மோதிவிடுகிறது. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் கட்ச் நாட்டின் தலைநகராகிக்கொண்டிருப்பதால் கம்பிகள் குறையப்போவதில்லை. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கும்படி 2021-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024-ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. ராஜஸ்தானில் கூண்டு இனப்பெருக்கம் நடக்கிறது. 2024-ல் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரித்தது. குழு நளியாவில் இரண்டு காலைப் பொழுதுகள் காத்திருந்து, கானமயில் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் எழுதியது.

“பூஜ்யமும் ஒரு தகவல்தான்” என்றார் டாக்டர். சாலிம் அலியின் 1945 நூல் இல்லாவிட்டால் அந்த பூஜ்யத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. முன்பு என்ன இருந்தது என்று யாரோ எழுதிவைத்ததால்தான் இப்போது என்ன இல்லை என்று தெரிகிறது. நாடு முழுவதும் 30,000-க்கு மேற்பட்ட ஆர்வலர்கள் அனுப்பிய பட்டியல்களைக் கொண்டு 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்து 178 இனங்களை உடனடிக் கவனம் வேண்டியவை என்று அடையாளம் காட்டியது. சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகளால் மட்டும் இது ஆகியிருக்காது. ஞாயிறு காலைகளில் நோட்டும் பென்சிலுமாக, இப்போது செல்போனுமாக, அலைந்தவர்களின் கூலியில்லாத வேலை அது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இரவில் குளிர் கடுமை. எல்லைப் பகுதியில் பல இடங்களுக்கு அனுமதிச் சீட்டு தேவை. அடையாள அட்டையின் அசலும் நகல்களும் கையில் இருக்கட்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ரண்ணில் இறங்கக் கூடாது. மேலே காய்ந்து தெரியும் உப்புத் தரைக்கு அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு இருக்கும். நேரமிருந்தால் லக்பத் தாலுகாவின் குனேரி ஊருக்கும் போய் வரலாம். கடலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் உள்ளே, அலையும் சேறும் இல்லாத தரையில் வளரும் அலையாத்தி மரங்கள் அங்கே உண்டு. 2025 ஜனவரியில் அது குஜராத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் போன பிறகும் மரம் விட்டுப் போகவில்லை.

கடைசி நாள் நகத்ராணா பக்கத்து முள்காட்டில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைக் குருவி கிடைத்தது. வெண்பிடரிப் பட்டாணிக்குருவி. உலகில் இந்தியாவில் மட்டும் வாழ்வது. அதிலும் இரண்டு துண்டுகளாக: ஒன்று கட்ச், ராஜஸ்தான் முள்காடுகளில், இன்னொன்று தெற்கே, பெங்களூருக்குக் கீழே காவிரிப் பள்ளத்தாக்கை ஒட்டிய வறண்ட காடுகளில். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. இரண்டு இடங்களிலும் அதற்கு வேண்டியது ஒன்றுதான்: வயதான முள்மரத்தில் ஒரு பொந்து. பயனற்ற புதர்க்காடு என்று வருவாய்த் துறைக் கணக்கில் எழுதப்படும் நிலம் அது.

ரிச்சர்ட்ஸ் டவுன் குழுவின் அடுத்த பயணம் முடிவாகிவிட்டது. இந்த முறை ரயில் வேண்டாம். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். காவிரிக் கரையின் முள்காட்டில் அதே குருவியை எண்ணப் போகிறார்கள்.